இன்றைய காற்று: நன்று

ராசையா சார் கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்து, "இது எதுக்குத் திறந்திருக்கு?" என்று கேட்டார். 'இன்றைய காற்று' என்ற வரிக்குப் பக்கத்தில் நான் போட்டிருந்த நீலக் கட்டத்தின் மேல் அவருடைய வியர்வை ஒட்டிக்கொண்டது.

அவர் எங்கள் குப்பத்துக்கு எதிரே, கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெயிண்ட் கம்பெனியின் ஆபீசர். கம்பெனிக்கு வெப்சைட் செய்யும் வேலை திருவொற்றியூரில் அசோகன் அண்ணன் கடைக்கு வந்திருந்தது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அங்கேதான் வேலை கற்றேன். எல்லாப் பக்கங்களுக்கும் அடியில் ஒரே டெம்ப்ளேட் இருக்கும். அதில் நீலக் கட்டத்துக்குள் வைப்பதை மட்டும் கம்பெனிக்காரர்கள் பிறகு மாற்றிக்கொள்ளலாம். மற்றதெல்லாம் பூட்டு. பெயரும் முகவரியும் பூட்டில் இருக்கும். மரம் நட்ட படம், பொங்கல் வாழ்த்து எல்லாம் கட்டத்தில். ஆட்களிடம் பேசத் தெரியாத எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. எது மாறும், எது மாறாது என்று யோசித்தால் போதும். எங்கள் நெட்டுக்குப்பத்தில் காற்று காலையில் ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி. அதனால்தான் அதற்குக் கட்டம் போட்டேன்.

"தினம் எவன் உக்காந்து மாத்திட்டிருப்பான்? 'நன்று'னு போட்டுப் பூட்டிடும்மா. தேதி மட்டும் தானா மாறட்டும்."

"காத்து கெட்டுப்போனா..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னா பாத்துகினு கீற? சார் சொல்றாருல்ல, போடு," என்றார் அசோகன் அண்ணன்.

பூட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "அவன் இன்னா வேணா காட்டிகினு போவட்டும்மே. நம்ம மூக்கு இன்னா அவனுங்க வூட்டு மூக்கா?" தங்கை கீர்த்தி சிரித்தாள். அவளுக்கு வீசிங். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் விடியும்போதே கம்பெனிப் பக்கமிருந்து நெடி வந்தது. கண்ணும் நாக்கும் எரிந்தன. நாய்கள் மணலில் மூக்கைத் தேய்த்தன. கீர்த்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது, உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டர் ஊசி போட்டு, மூக்கில் புகை வைக்கும் மெஷினை எழுதிக்கொடுத்து அனுப்பினார். அவளைப் பக்கத்து வீட்டு டோரதி அக்காவிடம் விட்டுவிட்டு, மதியம் அம்மா தெருப் பெண்களோடு கம்பெனி கேட்டுக்குப் போனாள். நான் கடைசியில் நின்றேன்.

"எம்பொண்ணு மூச்சு வுட முடியாம துடிச்சிகினு கீது. காத்தால இன்னாத்தைய்யா தொறந்து வுட்டீங்க?"

ராசையா சார் அங்கிருந்த போலீஸ்காரரிடம், கம்பெனி வெப்சைட்டைத் திறந்து தன் போனை நீட்டினார். "இன்னைக்குத் தேதி இருக்கு பாருங்க சார். காத்து நல்லாதான் இருக்கு." போலீஸ்காரர் பார்த்தார். "நன்றுன்னுதானேம்மா போட்டிருக்கு? கலைஞ்சு போங்க."

அப்போது ராசையா சார் என்னைப் பார்த்துவிட்டார். "இதைச் செஞ்சதே உங்க குப்பத்துப் பொண்ணுதான். அதையே கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். அம்மாவும் திரும்பினாள். "சொல்லுமே. வாயத் தொற."

"அது... பூட்டிக்கீது," என்றேன்.

"எதும்மா பூட்டியிருக்கு? கேட்டா?" என்றார் போலீஸ்காரர். காவலாளி ஒருவன் சிரித்தான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அங்கிருந்து நேராகக் கடைக்கு ஓடினேன். டெம்ப்ளேட்டைத் திறந்து அந்த ஒரு சொல்லை அழித்தேன். எல்லாப் பக்கங்களிலும் மாற்றட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. மாற்று என்றேன். பக்கம் பக்கமாக 'இன்றைய காற்று' என்பதற்குப் பிறகு வெறும் வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்தபோது எனக்கே மூச்சு வந்தது. டோரதி அக்கா போனுக்கு அடித்து, "அழிச்சிட்டேன்னு கீர்த்திகிட்ட சொல்லுக்கா," என்றேன்.

நெட்டில் ஏற்றப் போனால் பாஸ்வேர்டு தவறு என்று வந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்த அசோகன் அண்ணன் என் பின்னால் நின்று பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "சைட்டு அவங்க கைக்குப் போனதுமே பாஸ்வேர்ட மாத்திக்கினாங்கம்மா," என்றார் மெதுவாக. "இங்க அழிச்சா நம்ம கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் அழியும். இருந்தத திரும்பப் போட்டு வெச்சிட்டு வூட்டுக்குப் போ."

வீட்டில் விளக்கு போட்டிருந்தார்கள். அம்மா அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததற்குத் திரும்பவில்லை. கீர்த்தி சுவரில் சாய்ந்து, முகத்தில் மாஸ்க்கோடு, டோரதி அக்காவின் போனில் கம்பெனி வெப்சைட்டைத் திறந்து வைத்திருந்தாள்.

"அழிச்சிட்டேன்னு சொன்னியேக்கா?" மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் விசில்போல் வந்தது.

மாஸ்க்கின் ஓரத்தில் கசிந்த புகை போன் கண்ணாடியில் படிந்தது. அவள் கட்டைவிரலால் அதை அழுத்தித் துடைத்தாள். புகை போனது. அடியில் 'நன்று' இன்னும் பளிச்சென்று தெரிந்தது. கீர்த்தி மறுபடியும் துடைத்தாள்.