மூலைத் துண்டு

முழுசாகக் கதவைத் தாண்டாது என்று அளந்து பார்த்ததுமே, சாமான் ஏற்ற வந்த காதர் மைதீன் சொல்லிவிட்டார். எல் வடிவ சோபா அது. மூன்று துண்டாகக் கழற்றினால்தான் சிங்கப்பூர் கிளமெண்டி வீட்டை விட்டு வெளியே போகும். பத்தரைக்கு லாரி. செங்காங் புதுவீட்டில் மதுசன் சாவியோடு காத்திருந்தான். இங்கே அவன் மனைவி லீலா, திண்டுகளை எடுத்து அடுக்கிவிட்டு, துண்டுகளில் டேப் ஒட்டி எண் போட்டுக்கொண்டிருந்தாள்.

மூலைத் துண்டுக்கு வந்தபோது மாமியார் குணமணி தடுத்தார்.

"அதுக்கு நம்பர் போடாதையும், பிள்ளை. அது கேலாங்குக்குப் போகட்டும். நான் ஆரணியோட இருக்கப் போறன்."

லீலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேலாங்கில் இருக்கும் ஆரணி நாத்தனார்தான், நல்லவள்தான். ஆனால் கல்யாணமாகி இந்த ஐந்து மாதத்தில் மாமி இல்லாத வீட்டை லீலா நினைத்தே பார்த்ததில்லை. செங்காங்கில் காற்று வரும் அறையை அவருக்கென்று ஒதுக்கி, திரைச்சீலைகூடத் தைக்கக் கொடுத்துவிட்டாள்.

"ஏன் மாமி, திடீர்னு?"

"திடீரெண்டு இல்லை. செவ்வாய்க்கிழமை நீர் தங்கச்சிக்குப் போனில சொன்னது என்ர காதில விழுந்தது. நான் வாறதைப் பற்றி மதுவோட நல்லாப் பேசிட்டன் எண்டு. என்னால என்ர பிள்ளை ஏன் பேச்சு வாங்க வேணும்?"

"ஆமா, பேசினேன். அதுல என்ன மாமி?"

சோபாவுக்கு அடியிலிருந்து காதர் மைதீன் தலையை நீட்டினார். "தங்கச்சி, யாழ்ப்பாணத்து ஆளுங்களுக்குப் பேசுறதுன்னா திட்டுறது, லா! என் பழைய முதலாளி வீட்டுல 'நாளைக்கு ஐயா உமக்குப் பேசுவார்'னு சொன்னாங்க. சம்பளம் ஏத்தப் போறாருன்னு நான் புதுச்சட்டை போட்டுட்டுப் போனேன்!"

லீலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஐயோ மாமி, திட்டலை! அந்த ரூமை அவர் கம்ப்யூட்டருக்குக் கேட்டாரு. முடியாது, அது அம்மாவுக்குத்தான்னு சொன்னேன். அவரும் சரின்னுட்டாரு."

"அப்ப கதைச்சனீர்."

"ஆமா, கதைச்சேன்! நாங்க அதைத்தான் பேசுறதுன்னு சொல்லுவோம்."

சிங்கப்பூருக்கு வந்து முப்பத்தைந்து வருஷம். எல்லார் தமிழும் பழகியவர்தான் குணமணி. மனசு கலங்கியிருந்த நேரத்தில் காது மட்டும் ஊர்ப்பக்கம் திரும்பிவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத கண்ணாடியைத் துடைத்தார்.

"அம்மா, செங்காங்கா, கேலாங்கா? சீக்கிரம் சொல்லுங்க," என்றார் காதர் மைதீன். "நடுத்துண்டுக்கு ஒரு பக்கம்தான் காலு. மறுபக்கம் இந்த மூலைத் துண்டோட கொக்கியிலதான் நிக்குது. இது கேலாங்குக்குப் போனா, செங்காங்குல உட்கார்றவங்க தரையிலதான்."

குணமணி மார்க்கரை வாங்கி, டேப்பில் பெரிதாக '3' என்று தானே எழுதினார்.

"கம்ப்யூட்டருக்கு அறை கேட்டவனோ? போய்ச் சேர்ந்த உடனே மதுவுக்கு நான் பேசுறன்."

இந்தத் தடவை லீலாவுக்கு அந்தச் சொல் சரியாகவே புரிந்தது.