அத்தையின் மூன்று வருஷம்

‘வம்சம்’ என்பது அவளுக்குத் தம்பி வைத்த பட்டப்பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குடும்ப வரலாறு எழுதப்போகிறேன் என்று கிளம்பியவள், கல்யாணப் பந்தியில்கூட, "உங்க அப்பாவோட அப்பா எந்த வருஷம் பிறந்தாரு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். அவள் பையைத் திறந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாகிவிடும்.

விடுமுறைக்கு எல்லாரும் தம்பி வீட்டில் கூடி, ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்துக்கொள்வார்கள். யாருக்கு என்ன பரிசு வேண்டுமோ, முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட வேண்டும். இந்தத் தடவை அவள் அனுப்பிய தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. தம்பி மனைவி அதைச் சத்தமாக வாசித்தாள்.

"விளக்கு வெச்ச பூதக்கண்ணாடி. அது வாங்கியாச்சு. பழைய போட்டோ வைக்க அமிலம் இல்லாத கவர். ஏன் அண்ணி, கவர்லகூடவா அமிலம் இருக்கும்?"

"நம்ம குடும்பத்துல பேச்சுலயே இருக்கு. கவர்ல இருந்தா என்ன?" என்றான் தம்பி.

"நான் வந்தா யாரும் மாடிக்கு ஓடக்கூடாது. இது கஷ்டம். கடைசியா, போட்டோவுல இருக்கற பொண்ணு யாருன்னு அத்தை சொல்லணும். இது எந்தக் கடையில கிடைக்கும்?"

"அந்தக் கடையை மூடியாச்சு" என்றாள் கூடத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அத்தை.

அத்தை அவர்களுடைய அப்பாவின் தங்கை. அந்தத் தலைமுறையில் மிச்சம் அவள் ஒருத்திதான். போன விடுமுறையில் வம்சம் ஒரு காரியம் செய்திருந்தாள். எங்கெங்கோ அலைந்து அத்தையின் பிறப்புச் சான்றிதழை வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் வாசித்தாள். அத்தை சொல்லும் வயதைவிட அதில் மூன்று வயது கூடுதல். "மறைச்சு வெச்சிருந்தீங்களா அத்தை?" என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். அன்றோடு அத்தை பழங்கதை பேசுவதை நிறுத்திவிட்டாள்.

போட்டோவில் தாத்தா, பாட்டி, அரைக்கால் சட்டையில் அப்பா, அவர் கையைப் பிடித்தபடி கவுன் போட்ட ஒரு குட்டிப் பெண். போட்டோவின் பின்னால் இருந்த தேதியையும் சான்றிதழையும் வைத்துக் கணக்குப் போட்டு, அது அத்தைதான் என்று வம்சம் கீழே எழுதிவிட்டாள். அதைப் பார்த்த அத்தை சொன்னது இரண்டே வார்த்தை. "நான் இல்ல."

விடுமுறை முடிந்ததும் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அந்தப் பெண் யாரென்று தெரியாமல் எப்படி அனுப்புவது?

"சொல்லுங்க அத்தை. உங்களை விட்டா யாரும் இல்ல."

"முதல்ல என் வயசைக் குறை."

"ஆதாரம் இல்லாம எப்படி அத்தை மாத்தறது?"

"என் வாய் ஆதாரம் இல்லையா?"

"சர்க்கார் முத்திரை போட்ட தாள் இருக்கே."

"அப்ப அந்தத் தாளையே கேளு."

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கா, தாளா அத்தையா, ஒண்ணைத் தேர்ந்தெடு" என்றான்.

வம்சம் வெகுநேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வம்சாவளிப் படத்தை மேசையில் விரித்தாள். அத்தையின் கட்டத்தில் இருந்த வருஷத்தை ஒரே கோடாக அடித்து, அத்தை சொல்லும் வருஷத்தை எழுதினாள். பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘ஆதாரம்: அத்தை.’

அத்தை எழுந்து வந்து பார்த்தாள். பட்டாணிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அது என் அக்கா."

அத்தை மேசையருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"காய்ச்சல்ல போயிட்டா. அப்புறம்தான் நான் பிறந்தேன். அம்மாவால அந்தப் பேரை விட முடியல, எனக்கும் அதையே வெச்சுட்டாங்க. பேர் ஒண்ணுதானே, அவ சான்றிதழே போதும்னு என்னைப் பதியவும் இல்ல. அந்தத் தாளை நம்பித்தான் ஆபீஸ்ல மூணு வருஷம் முன்னாடியே என்னை வீட்டுக்கு அனுப்பினாங்க. நீ வந்து அதையே திரும்ப வாசிக்கறே."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அத்தை?"

"எல்லாரும் சிரிச்சு முடிக்கட்டும்னு இருந்தேன். நீங்க முடிக்கவே இல்ல."

வம்சம் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரே பெயர் என்றால் ஒரே ஆள் என்று எழுதக்கூடாது. இந்தப் பாடத்தை ஊரில் எத்தனை பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள்.

"நீ அடிச்ச வருஷத்தை வீணாக்காதே. அது அவளோடது, அவளுக்கே போடு" என்றாள் அத்தை.

அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவே ஒரு புதுக் கட்டம் வந்தது. அதே பெயர், அடித்த வருஷம். அத்தை அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, போட்டோவைக் கையில் எடுத்துக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பூதக்கண்ணாடியைப் பிரி."

"அது அக்காவுக்குப் பரிசு அத்தை. நாளைக்குத்தான் பிரிக்கணும்."

"பிரிடா. அவளை நான் பார்த்ததே இல்ல."