கட்டிலுக்கடியில் இருந்த செம்பு

சித்தப்பா வாசல் பலகையில் என்ன எழுதி வைத்திருந்தார் தெரியுமா? "தாத்தா வீடு. தூய வாழ்க்கைக்குத் திரும்புங்கள்." படித்ததுமே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தூய வாழ்க்கையாம், தூய வாழ்க்கை! அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். பாலில் மிதக்கிற ஈயை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்த வீடு அது. மாடு குளித்து, சாணியும் போட்டுவிட்டுக் கரையேறின குட்டையில்தான் நாங்களும் குளித்தோம். கழிவறை என்றால் குழியின் மேல் போட்ட இரண்டு பலகை. மழை பெய்தால் கீழே கிடப்பது மேலே வரும். வேண்டாம், இதற்கு மேல் சொன்னால் உங்களுக்குச் சோறு இறங்காது.

அந்த வீட்டைத்தான் வெள்ளையடித்து, டவுன் ஜனங்கள் வந்து தங்கிப் போகிற விடுதியாக மாற்றியிருந்தார். மாற்றட்டும், அது அவர் பாடு. ஆனால் அவருக்கு என் அம்மாவும் வேண்டுமாம். அதற்காகத்தான் எங்கள் இரண்டு பேரையும் விருந்துக்கு அழைத்திருந்தார்.

"அண்ணி, நீங்க இங்கயே வந்து இருந்துட்டாப் போதும். மாட்டைப் பார்த்துக்கணும், விறகடுப்புல நாலு பேருக்குச் சமைக்கணும், வர்றவங்ககிட்ட பழைய கதை பேசணும். அவ்வளவுதான். நீங்க இல்லாம இந்த வீட்டுக்கு உயிரே இல்ல."

அவ்வளவுதானாம்! அம்மாவை நினைத்துத்தான் எனக்குப் பயம். புகுந்த வீட்டில் யார் எதைக் கேட்டாலும் அம்மாவுக்குச் 'சரி' என்றுதான் வாயில் வரும். அப்பா போன பிறகு என்னோடு இருக்கிறாள். விடிந்து வெகுநேரம் வரை தூங்குகிறாள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு டிவி பார்க்கிறாள், எதிர்வீட்டு டீச்சரோடு வம்பளக்கிறாள். இந்த வயதில் இப்போதுதான் மனுஷியாக இருக்கிறாள். மறுபடியும் அந்தச் சாணிக்குள் அனுப்புவேனா?

"சித்தப்பா, அம்மாவால குனியவே முடியாது" என்றேன்.

"நீ சும்மா இரும்மா. அண்ணி சொல்லட்டும்."

பேச்சை மாற்றுவது போல வீட்டைச் சுற்றிக் காட்டினார். தாத்தாவின் அறையில் வெள்ளை விரிப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. "எங்கப்பா ராஜா மாதிரி வாழ்ந்த ரூம்" என்று பெருமை வேறு.

ராஜாதான், யார் இல்லை என்றது! கடைசி வருஷங்களில் தாத்தாவுக்கு மார்ச்சளி. கட்டிலை விட்டு இறங்க மாட்டார். முடியாமல் இல்லை, மனசில்லை. கட்டிலுக்கடியில் ஒரு செம்பு இருக்கும். ராத்திரி முழுக்கக் காறிக் காறி அதில்தான் துப்புவார். சளியும் புகையிலைச் சாறும் கலந்து, விடியும்போது செம்பு தளும்பும். பாட்டி நாற்றம் தாங்காமல் சமையலறையில் பாய் விரித்துக்கொண்டாள். அப்பா எதுவும் தெரியாதவர் மாதிரி வயலுக்குப் போய்விடுவார். சித்தப்பாவுக்கு டவுனில் வேலை. எப்போதாவது வந்தாலும் அறை வாசலில் நின்றே, "எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு நழுவிவிடுவார்.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தொழுவத்துக்குப் பின்னால் போய்க் கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்து, மறுபடி கட்டிலுக்கடியில் வைத்தது அம்மாதான். ஒருநாள் எடுக்க வரத் தாமதமாகிவிட்டது என்று தாத்தா அந்தச் செம்பைத் தூக்கி அம்மாமேல் எறிந்தார். செம்பு சுவரில் மோதிக் கழுத்தோரம் நசுங்கியது. உள்ளே இருந்தது அத்தனையும் அம்மாவின் புடவையில். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். மேஜை நடுவில், பளபளவென்று தேய்த்து வைத்த ஒரு செம்பு. அதன் கழுத்தோரம் நசுங்கியிருந்தது.

அம்மாவைப் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டாள்.

"பரண்ல கிடந்துச்சு அண்ணி!" சித்தப்பாவுக்கு வாயெல்லாம் பல். "அப்பா தண்ணி குடிச்ச செம்பு. இந்த நசுங்கல் இருக்கே, கன்னுக்குட்டி உதைச்சதுன்னு வர்றவங்ககிட்ட சொல்லப்போறேன். எல்லாருக்கும் இதுலதான் தண்ணி. உடம்புக்கு அவ்வளவு நல்லது." சொல்லிக்கொண்டே செம்பில் வாய் வைத்து மடக் மடக்கென்று குடித்தார்.

ஐயோ என்று கத்தப் போனேன். மேஜைக்கு அடியில் அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"நல்லாருக்கா தம்பி?"

"அமிர்தம் அண்ணி!"

"அப்போ இன்னும் கொஞ்சம் குடிங்க."

குடித்தார் மனுஷன். பிறகு அம்மாவின் டம்ளரில் ஊற்றி, "சரி, எப்ப வர்றீங்க?" என்றார்.

அம்மா டம்ளரைத் தள்ளி வைத்தாள். "கன்னுக்குட்டி உதைக்கல தம்பி. உங்கப்பா என்மேல வீசினது. அவர் தண்ணி குடிச்ச செம்பு அலமாரியில இருந்துச்சு. இது கட்டிலுக்கடியில இருந்தது, காறித் துப்புறதுக்கு."

சித்தப்பாவின் முகம் வெளிறியது. "எனக்கு... எனக்கு யாரும் சொல்லவே இல்லியே!"

"அந்த ரூமுக்குள்ள நீங்க எப்ப வந்தீங்க, நான் சொல்றதுக்கு?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார். தொழுவத்துக்குப் பின்னால் அவர் ஓங்கரிக்கிற சத்தம் மேஜை வரைக்கும் கேட்டது.

அம்மா எழுந்தாள். பழக்க தோஷம், கை தானாகச் செம்புக்குப் போனது. எனக்குப் பகீரென்றது. பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டு, கொல்லைக் கதவருகே போய் நின்று குரல் கொடுத்தாள்.

"தம்பி, அடுப்புல சாம்பல் இருக்கு. அதைப் போட்டு நீங்களே கழுவிடுங்க. நான் வரல."