மலை யார் கணக்கில்

மெத்தைக் கம்பெனித் தலைவர் பேச எழுந்தால் கேட்பவர்களுக்குக் கண் சொருகும். தொழிலுக்கு அது நல்லதுதான். ஆனால் அன்று அவர் பேசியது, ஒன்றரை நாள் தூங்காமல் சைக்கிள் மிதிக்கப் போகிறவர்களிடம். அணிக்கு நான்கு பேர். ஒருவர் மாற்றி ஒருவராகக் கடற்கரையில் தொடங்கி, ஊர்களையெல்லாம் சுற்றி, கடைசியில் ஒரு மலையேறி இறங்கி நகரத்து மேடைக்கு வந்து சேரவேண்டும். வசூலாவது முழுக்கச் செயற்கைக் கால் பொருத்தும் மையத்துக்கு.

கூட்டம் கம்பெனி ஷோரூமில் நடந்தது. நாற்காலி போதாமல் பாதிப் பேர் விற்பனை மெத்தைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்டிக் உறையைக் கழற்றக்கூடாது என்று உத்தரவு. யாராவது லேசாக நகர்ந்தாலும் சபையே சரசரத்தது.

ஓரத்து மெத்தையில் இருந்தது ‘நாலு பேர்’ அணி. பெயர் வைத்தவள் பூட்டுக்காரி. பஸ் நிலையத்துக்கு எதிரில் சாவி நகலெடுக்கும் கடை வைத்திருப்பவள்.

“பொறந்ததுலேருந்து நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னே பயந்தாச்சு. இனிமே அந்த நாலு பேரும் நாமளே இருந்துட்டுப் போவோம்” என்றாள்.

மற்ற மூவரில் ஒருவர் அவளுடைய அண்ணன், பஸ் டிரைவர். இன்னொருவர் அண்ணி, மருந்துக்கடையில் வேலை. மூன்றாமவர் பக்கத்துக் கடை முடிதிருத்துபவர். ஊர் அவரைக் ‘கத்திரி’ என்று கூப்பிட்டது. கையைவிட வாய்தான் அதிகம் வெட்டும் என்பதால் அவரும் மறுத்ததில்லை.

பூட்டுக்காரிக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். அதே மையத்தில் பொருத்தியது. இது தெரிந்த நிமிடத்திலிருந்து தலைவர் அவளைப் பெயர் சொல்லியோ தொழில் சொல்லியோ அழைக்கவில்லை. “நம் சகோதரி” என்றார். சொல்லும்போது குரல் அரை ஸ்தாயி இறங்கியது.

“நம் சகோதரி கடைசித் திருப்பத்திலிருந்து மேடை வரை சைக்கிளில் வருவார். நானும் பக்கத்தில் என் சைக்கிளில் வருவேன், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. பின்னணியில் வயலின்.”

“அப்ப மலை?” என்றாள் பூட்டுக்காரி.

ஒருங்கிணைப்பாளர் முன்னால் வந்தார். காதில் ஒரு கருவி, கழுத்தில் விசில், கையில் இன்னொரு விசில். “மலைக்கு உங்களுக்குப் பதிலா எங்க ஜிம் மாஸ்டர் போறார் மேடம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“குலுக்கல்ல மலை எனக்கு விழுந்திருக்கு.”

“அதனாலதான் சொல்றோம்.”

“நான் உங்ககிட்ட கேட்டேனா?”

“பாருங்கள் அந்தத் தன்னம்பிக்கையை!” என்றார் தலைவர். “பலமாகக் கைதட்டுங்கள்!”

தட்டினார்கள். மெத்தைகள் சரசரத்தன. அவள் எழுந்து நின்று, “முடியாதுன்னு சொல்றேன்” என்றாள். அதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவள் எதைச் சொன்னாலும் கைதட்டலாகவே திரும்பி வந்தது. சுவரில் பந்தடிப்பது போல இருந்தது அவளுக்கு. தொகுப்பாளினி மைக்கை நீட்டி, “கால் எப்படிம்மா போச்சு?” என்று உருகியபோது, “கடையைச் சாத்தறப்ப உள்ளே வெச்சுப் பூட்டிட்டேன்” என்றாள். அதற்கும் தட்டினார்கள்.

வெளியே வந்ததும் அண்ணன் ஆரம்பித்தார். “அவங்க சொல்றதுல என்னடி தப்பு? மரியாதைதானே பண்றாங்க.”

“மரியாதையா? எங்க போனாலும் எனக்கு உட்கார இடம் குடுக்கறாங்கண்ணே. பஸ்ல, பேங்க்ல, கல்யாணத்துல. போறதுக்குத்தான் ஒருத்தரும் இடம் குடுக்க மாட்டேங்கறாங்க. இந்த மலை எனக்கு விழுந்தது. நான்தான் ஏறுவேன்.”

“போன வாரம் பழகறேன்னு போய்க் காலெல்லாம் கொப்புளம்.”

“கொப்புளம் உனக்கா எனக்கா?”

அண்ணி நடுவில் புகுந்தாள். “ரெண்டு பேரும் கொஞ்சம் மூடுங்க. கொப்புளத்துக்குக் களிம்பு என்கிட்ட இருக்கு. வாய்க்குத்தான் இல்ல.”

போட்டி தொடங்கும் நேரத்தில் தொடங்கவில்லை. கொடியசைக்கும் முன் ஏழு பேர் வாழ்த்திப் பேசினார்கள். ஏழாமவர், சைக்கிளை மோட்டார் சைக்கிள் என்றே கடைசிவரை சொல்லி வாழ்த்தினார். ஒருவழியாகக் கொடி அசைந்தது. கத்திரி முதலில் கிளம்பினார். பக்கத்தில் வந்த எல்லோரிடமும் பேசிக்கொண்டே போனதால் எல்லோரையும் முந்தவிட்டார். பிறகு அண்ணி, பிறகு அண்ணன், பிறகு பூட்டுக்காரி, மறுபடி கத்திரி. ஓட்டுபவர் மணிக்கட்டில் ஒரு பட்டை இருக்கும். ஒவ்வொரு மாற்றிடத்திலும் அதைக் கழற்றி அடுத்தவர் கட்டிக்கொள்ளவேண்டும். பட்டை இருக்கும் கைதான் அணியின் கை. ஓட்டாதவர்கள் பின்னால் ஒரு ரொட்டி வேனில், மாவு வாசனைக்கு நடுவே காலை மடக்கிக் கிடந்தார்கள்.

இரண்டாம் நாள் வெயில் ஏறியபோது, மலையடிவார மாற்றிடத்தில் பூட்டுக்காரி தயாராக நின்றாள். செயற்கைக் காலின் பாதத்தைப் பெடலோடு வாரால் இறுக்கிப் பார்த்து, அவிழ்த்து, மறுபடி இறுக்கினாள். நிமிர்ந்தால் பக்கத்தில் ஜிம் மாஸ்டர். பளபளக்கும் சைக்கிள், பளபளக்கும் தொடை. ஒருங்கிணைப்பாளர் அவளைப் பார்க்காமல் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இவர் ஏன் நிக்கறார்?”

“உங்க அண்ணன் ஒத்துக்கிட்டாரே மேடம். கையெழுத்தே போட்டுட்டார்.”

வேனிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். “யாரு, இந்த மனுசனா? வீட்ல கேஸ் சிலிண்டர் மாத்தறதுக்கே என்கிட்ட கேக்கறவர், இதை மட்டும் கேக்காமப் பண்ணிட்டாரா!”

சரியாக அப்போது அண்ணன் வந்து சேர்ந்தார். முகமெல்லாம் உப்புக் கோடு. இறங்கியவர் தங்கையைப் பார்த்தார். ஜிம் மாஸ்டரைப் பார்த்தார். பட்டை கட்டிய கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“குடுண்ணே.”

“உன் நல்லதுக்குத்தாண்டி...”

“நீ வண்டி ஓட்டறப்ப, உன் நல்லதுக்குன்னு எவனாவது பின்னாலேருந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சா என்ன பண்ணுவ?”

அண்ணன் யோசித்தார். தூக்கமில்லாத மனிதர் பொய் சொல்ல மாட்டார். “கையை ஒடைப்பேன்.”

“அவ்வளவுதான்.”

கை முன்னால் வந்தது. பட்டையை அவளே பிய்த்துக் கட்டிக்கொண்டாள். ஒருங்கிணைப்பாளர் ஒரு விசிலை ஊதினார். பிறகு மற்றதையும் ஊதினார். ஜிம் மாஸ்டர் மட்டும் நிம்மதியாகப் பெருமூச்சுவிட்டார். “நான் இந்த மலையைப் போட்டோவுலதான் சார் பார்த்திருந்தேன். இவ்வளவு செங்குத்தா இருக்கும்னு யாரும் சொல்லல.”

ஏற்றம் தொடங்கியது. அவளுக்குப் பின்னால் கம்பெனி ஜீப், அதில் ஒருங்கிணைப்பாளரும் வீடியோக்காரரும். ஒலிபெருக்கி கெஞ்சியது. “மேடம், போதும் மேடம். நிரூபிச்சுட்டீங்க மேடம். வண்டியில ஏறிக்கங்க.” இன்னும் முதல் வளைவுகூட வரவில்லை.

பாதி மலையில் வியர்வை, செயற்கைக் காலுக்குள் அணியும் உறையில் இறங்கிக் கால் வழுக்கத் தொடங்கியது. ஒவ்வொரு மிதிக்கும் கொப்புளத்தில் யாரோ உப்புத்தாள் தேய்ப்பது போல இருந்தது. அவள் இறங்கி, சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள். ஜீப் சந்தோஷமாக நின்றது. வீடியோக்காரர் ஓடிவந்து, முகத்துக்கு மிக அருகில் கேமராவைப் பிடித்தார். கண்ணீர் வரும் என்று தலைவர் அவருக்கு உறுதியளித்திருந்தார்.

அவள் காலைக் கழற்றினாள். “இந்தாங்க, இதைக் கொஞ்சம் பிடிங்க.”

வீடியோக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வார்? கேமரா கழுத்தில் தொங்கித் தார்ச்சாலையைப் படம் பிடித்தது. அவள் நிதானமாகத் துடைத்தாள், அண்ணியின் களிம்பைத் தடவினாள், உறையை மாற்றினாள், தண்ணீர் குடித்தாள்.

“கனமா இருக்கா?”

“இல்லங்க... பரவால்லங்க.”

“எனக்குக் கனமாத்தான் இருக்கு. குடுங்க.”

மாட்டிக்கொண்டு ஏறினாள். அழகாக ஏறவில்லை. நத்தைக்கே கொட்டாவி வரும் வேகம். வளைந்து வளைந்து, ஹாண்டிலைத் திட்டி, மலையைத் திட்டி, குலுக்கல் சீட்டை எடுத்த தன் கையையும் திட்டி ஏறினாள். உச்சியில் நின்ற கத்திரி, வரலாற்றில் முதல் முறையாக, பேச்சு வராமல் நின்றார். பட்டையைக் கட்டிவிட்டு அவளே அவர் முதுகில் ஒரு அறை விட்டாள். “கெளம்புங்க. இறக்கத்துல யார்கூடயும் பேச்சு குடுக்காதீங்க.”

ஜீப் காத்திருந்தது. “மேடம், கடைசித் திருப்பத்துக்குப் போயிடலாம். தலைவர் சைக்கிளோட நிக்கறார்.”

“என் பங்கு முடிஞ்சுது. அங்க இப்ப கத்திரியோட பங்கு.” ரொட்டி வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒருங்கிணைப்பாளர் சேதி சொல்லக் காதுக் கருவியைத் தட்டினார். மலையில் சிக்னல் இல்லை. ஆகவே கடைசித் திருப்பத்தில் எல்லாம் ஒத்திகைப்படியே நடந்தது. வெள்ளைச் சட்டையில் தலைவர், புது சைக்கிள், வயலின். தொகுப்பாளினி தாளைப் பார்த்து, “இதோ வருகிறார், ஒற்றைக் காலால் உலகை வென்ற ஒரு பூங்கொடி!” என்று தழுதழுத்தாள். வந்தவர் மீசையும் ரோமம் மண்டிய இரண்டு கால்களுமாகக் கத்திரி. தலைவர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார். கத்திரி அன்போடு பற்றிக்கொண்டு, மேடை வரை தலைவரின் தலைச்சாயம் ஏன் காதோரம் செம்பட்டையாகிறது என்பதை விளக்கிக்கொண்டே வந்தார்.

அரை மணி நேரம் கழித்து வேன் வந்தது. ‘நாலு பேர்’ அணி கடைசிக்கு முந்தைய இடம். மேடையில் நாற்காலிகள், பொன்னாடைகள், பின்னால் பெரிய திரை. ஒவ்வொரு அணியிலும் எந்தப் பகுதியை யார் ஓட்டினார்கள் என்ற பட்டியல் திரையில் ஓடியது. பூட்டுக்காரியை முதல் வரிசையில் தலைவருக்குப் பக்கத்து நாற்காலிக்கு அழைத்தார்கள். அவள் உட்காரப் போனவள், திரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

மலை: சிறப்பு விருந்தினர், ஜிம் மாஸ்டர்.

“இதை மாத்துங்க” என்றாள்.

“சின்ன விஷயம் மேடம், முன்னாடியே ஏத்தி வெச்சது. அப்புறம் மாத்திக்கலாம். உட்காருங்க.”

“மாத்துங்க. உட்கார்றேன்.”

“நம் சகோதரி...” என்று தலைவர் தொடங்கிக் கைதட்டச் சைகை செய்தார். நாலைந்து பேர் தட்டினார்கள். அவள் நின்றாள். கைதட்டல் ஓய்ந்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

சங்கடம் அங்கேதான் முளைத்தது. சகோதரி நிற்கும்போது தலைவர் எப்படி உட்கார்வது? கேமராக்கள் பார்க்கின்றன. அவர் எழுந்தார். தலைவர் எழுந்தால் மற்றவர்கள்? மேடை முழுக்க எழுந்தது. கீழே கூட்டத்தில் முதலில் எழுந்தவர் அண்ணன். தூக்கக் கலக்கத்தில் தள்ளாடிய அவரை அண்ணி தாங்கிப் பிடித்தாள். “நான் போட்ட கையெழுத்தை அடிச்சிருங்கய்யா!” என்று கத்தினார். என்ன கையெழுத்து, என்ன அடித்தல் என்று யாருக்கும் புரியவில்லை. மௌன அஞ்சலி போலிருக்கிறது என்று எண்ணி மிச்சக் கூட்டமும் எழுந்து தலை குனிந்தது. வயலின்காரர் குழம்பிப்போய் வாசிப்பை நிறுத்தினார்.

வெயில் மேடைக்கு நேராக அடித்தது. தலைவரின் காதோரம் கறுப்பாக ஒரு கோடு கழுத்துக்கு இறங்கியது. ஒரு பிரமுகர் கால் மாற்றி நின்றார். இன்னொருவர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“எவ்வளவு நேரம்மா நிப்பீங்க?” என்று பல்லைக் கடித்தார் ஒருங்கிணைப்பாளர்.

“வலிக்குது. ஆனா எனக்கு ஒரு கால்தான் வலிக்குது. உங்க தலைவருக்கு ரெண்டும்.”

தலைவர் திரும்பினார். முதல் முறையாக அவருடைய குரல் இறங்காமல், சாதாரண மனிதக் குரலாக வந்தது. “யோவ், மாத்தித் தொலைய்யா.”

கணினி மேஜையிலிருந்த பெண் காத்திருந்தவள் போலத் தட்டினாள். திரை ஒருமுறை கறுத்து, வெளுத்தது.

மலை: பூட்டுக்காரி.

அவள் அதை ஒருமுறை வாசித்தாள். பிறகு உட்கார்ந்தாள். ஒரு கணம் தயங்கி, தலைவர் தொடங்கி மேடை முழுக்க, அவளைத் தொடர்ந்து உட்கார்ந்தது.