கடல்நாய்ப் பாறையில் பெண் பார்த்தது

தேத்தண்ணீர்த் தட்டோடு வந்து நிற்க மாட்டேன் என்று கமலினி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். மெல்பேர்ன் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த அவளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அந்த ஞாயிற்றுக்கிழமை பிலிப் தீவில் படகேறிக் கடல்நாய் பார்க்கப் போவதாகவும், மாப்பிள்ளைக்கு விருப்பமென்றால் அங்கே வரட்டும் என்றும் கலியாணம் பேசிய சிவனேஸ்வரி அன்ரி மூலம் தகவல் அனுப்பினாள். அது 1976, கார்த்திகை மாதம்.

ரயில்வே எஞ்சினியர் வரதராஜா கோட்டும் டையுமாக வந்து நின்றான். கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்து வந்திருந்தான்.

துணைக்கு வந்த அன்ரி, படகு புறப்பட்டதுமே இரவல் வாங்கிய பைனாகுலரைக் கண்ணில் வைத்தவர்தான். எரிமலைக் குழம்பு உறைந்து கறுத்த பாறைகள் தெரியத் தொடங்கியபோது, யாருக்குத் துணையாக வந்தோம் என்பதையே மறந்துவிட்டார். பாறை முழுக்கக் கடல்நாய்கள். ஆயிரக்கணக்கில் படுத்தும் புரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் கிடந்தன. பழைய கருவாட்டு நாற்றம் முகத்தில் அடித்தது. படகோட்டி எஞ்சினை நிறுத்தியதும் அவற்றின் குரைப்பு காதைப் பிளந்தது.

வரதராஜா தாளை விரித்து முதல் கேள்வியைக் கத்தினான்.

"நீங்கள் சமைப்பீங்களோ?"

கமலினிக்கு அது 'சிரிப்பீங்களோ' என்று கேட்டது. நல்ல கேள்வியாக இருக்கிறதே என்று நினைத்தாள்.

"ஓம், நல்லாச் சிரிப்பன்."

அவன் குழம்பிப்போய் இன்னும் நெருங்கி வந்தான். அதற்குள் பாறை உச்சியிலிருந்து ஒரு பெரிய ஆண் கடல்நாய் படகின் ஓரமாகத் தண்ணீருக்குள் தொப்பென்று விழுந்தது. எழும்பிய தண்ணீர் முழுவதும் வரதராஜாவின் தலையில் இறங்கியது. கோட்டு நனைந்து தொங்க, தாளின் மை விரல்களில் ஒழுக, அவன் அசையாமல் நின்றான். அன்ரி திரும்பிப் பார்த்து, தம்பி கொஞ்சம் விலகி நில்லும், குட்டி ஒன்று பால் குடிக்குது, நீர் மறைக்கிறீர் என்றார்.

கமலினி இருக்கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். சொன்னது பொய்யில்லை, நன்றாகவே சிரித்தாள். அவளைப் பார்த்து அவனும் சிரித்தான். நிறுத்த முயன்றபோதெல்லாம் பாறையிலிருந்து ஏதாவதொன்று குரைத்தது, மறுபடி சிரிப்பு வந்தது. அவளுக்கு விலாவே வலித்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் அவன் காதருகே குனிந்தாள்.

"உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப கலியாணத்துக்குப் பிறகு நான் பழக்கிறன்."

அவனுக்கு அது ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டது. சரியென்று தலையாட்டினான், பிறகு போதாது என்று பட்டதோ என்னவோ, இன்னும் இரண்டு முறை ஆட்டினான்.

கரைக்கு வந்ததும், இருவரும் ஏதாவது கதைத்தீர்களா என்று அன்ரி குற்ற உணர்வோடு விசாரித்தார். எல்லாம் கதைத்து முடிந்தது என்றாள் கமலினி. மூவரும் துறையடியில் உட்கார்ந்து சூடான சிப்ஸ் வாங்கிச் சாப்பிட்டார்கள். வரதராஜா கோட்டைக் கழற்றிப் பிழிந்தான். அதன் பையிலிருந்து ஒரு கடற்பாசித் துண்டு விழுந்தது. கமலினிக்குத் தொண்டையில் சிப்ஸ் சிக்கும் அளவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.