எண்ணெய்க் கை

காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய வேன் ஒன்பதே காலுக்குத்தான் கிளம்பியது. ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சுந்தரபாண்டியன் மெயினருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் மசாஜுக்குப் படுத்துவிட்டதுதான் காரணம். குற்றாலத்துக்கு வந்து எண்ணெய் தேய்க்காமல் போனால் வந்ததில் சேர்த்தி இல்லை என்பது அவர் கட்சி. அருவியில் வரிசை அரை கிலோமீட்டர் நின்றது. அதனால் எண்ணெயைத் துண்டால் மேலோட்டமாக வழித்துவிட்டு, அதன் மேல் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். மலைக்கு மேலே இடுக்குக்குள் ஓர் அருவி இருக்கிறதாமே, கூட்டமில்லாமல் அங்கேயே முழுகிக்கொள்கிறேன் என்றார்.

வழிகாட்டி தங்கத்தாய் முன்சீட்டில் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லெண்ணெய் வாடை அவள் மூக்குக்கு எட்டத்தான் செய்தது. மேலே ஓடும் ஓடைத்தண்ணீர் நாலு ஊருக்குக் குடிதண்ணீர். எண்ணெய், சோப்பு எதுவும் கூடாது என்பது கம்பெனி விதி. வழிகாட்டிதான் ஆளைப் பார்த்து ஏற்ற வேண்டும். ஆனால் முப்பது வருடம் லத்தி பிடித்த மனிதரிடம் சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டுங்கள் என்று எப்படிச் சொல்வது? அவள் சொல்லவில்லை. துடைச்சிட்டியளா சார் என்று மட்டும் கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி தலையை ஆட்டினார்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அதில் இருபது வருடம் இதே மலையில் கிராம்பும் ஏலக்காயும் தலைச்சுமையாக இறக்கியவள். எஸ்டேட் மூடிக் கிடந்து கை மாறிய பிறகு, வாங்கியவர்கள் அதை ஒருநாள் சுற்றுலாவாக்கினார்கள். பாழடைந்த கல் மண்டபம், வெட்டுப்பாறை இடுக்கு, மத்தியானச் சாப்பாடு, திரும்பி வருவது. பாதை தெரிந்த ஆள் வேண்டுமென்று மேனேஜர் விஜயசங்கர் பழைய சுமைக்காரர்களைத் தேடியபோது, முழங்கால் இன்னும் மடங்குகிற நிலையில் இருந்தது இவள் ஒருத்திதான். வேலைக்குச் சேர்த்த அன்றைக்கு அவன் சொன்னது ஒன்றே ஒன்று: எத்தனை தலை மேலே போகுதோ அத்தனை தலை கீழே வரணும்.

இன்றைக்கு நாலு தலை. சுந்தரபாண்டியன், அவர் மனைவி சங்கரேஸ்வரி, சவூதி தம்மாமிலிருந்து லீவில் வந்திருந்த சுஹைப், அவன் மனைவி மெஹர் பானு. சுஹைப் வழியெல்லாம் ‘அக்கா இது என்ன மரம், அக்கா யானை வருமா’ என்று கேட்டுக்கொண்டே வந்தான். மெஹர் பானு அதிகம் பேசவில்லை. தங்கத்தாய் கால் வைத்த இடத்தில் கால் வைத்து ஏறினாள். சுமைக்கு வந்திருந்தால் தேறியிருப்பாள் என்று தங்கத்தாய் நினைத்துக்கொண்டாள்.

மண்டபத்தை அடையும்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. மற்ற நாட்களில் அது இடுக்கை விட்டு வெளியே வந்துவிட வேண்டிய நேரம். பதினாறு தூணில் ஒன்பது நின்றன. மேற்கூரைக் கல் பாதி சரிந்து, அதன் மேல் அத்திமரம் வேர்விட்டிருந்தது. உள்ளே தலையில்லாத ஒரு அம்மன். எந்த ராஜா கட்டியது என்று தங்கத்தாய்க்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே சொன்னாள். சுந்தரபாண்டியனுக்கு அது பொறுக்கவில்லை. பாண்டியன், படையெடுப்பு, சுரங்கப்பாதை என்று கால்மணி நேரம் செல்போனில் தன்னையே வீடியோ எடுத்துக்கொண்டு பேசினார். சங்கரேஸ்வரி முழங்காலைப் பிடித்தபடி தூணடியில் உட்கார்ந்து, இனி ஒரு அடி நகர மாட்டேன் என்றுவிட்டாள்.

நேரமாகிவிட்டது, இடுக்கை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று தங்கத்தாய் சொல்லிப் பார்த்தாள். மேலே வானம் வெளுத்துக் கிடந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது.

“இந்த வெயில்ல எந்த மழைம்மா வரப்போகுது? அருவியக் காட்டுதேன்னுதான கூட்டிட்டு வந்திய?” என்றார் சுந்தரபாண்டியன்.

மேல்மலையில் கொட்டும் மழை இங்கே தெரியாது என்று அவள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. சுஹைபும் அருவியைப் பார்க்க ஆசைப்பட்டான். சரி, போய்த் தொட்டுவிட்டு உடனே திரும்ப வேண்டும் என்று சொல்லி மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு இறங்கினாள். அப்படி இறங்கியது தன் தப்பு என்பதைப் பின்னால் யாரிடமும் அவள் மறுக்கவில்லை.

இடுக்கு என்பது மலையை யாரோ அரிவாளால் ஒரே வெட்டாக வெட்டியது போல இருக்கும். இரண்டு பக்கமும் நாலு பனை உயரப் பாறை. நடுவில் பத்தடி அகலம். முழங்காலளவு ஓடை. அதற்குள் கால்மணி நேரம் நடந்தால் கோடியில் அருவி. சுந்தரபாண்டியன் சட்டை, பேண்ட், செல்போன் எல்லாவற்றையும் பாறை மேல் வைத்துவிட்டு டிரவுசரோடு அருவிக்குள் போய்விட்டார். சுஹைபும் மெஹர் பானுவும் கையை மட்டும் நனைத்துக்கொண்டு நின்றார்கள்.

தங்கத்தாய் அருவியைப் பார்க்கவில்லை. தண்ணீரில் மிதந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடையில் ஊறிக் கிடக்கிற இலை கறுப்பாக, தொய்வாக, தண்ணீருக்கடியில் உருண்டு வரும். அதனால் பயமில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொரமொரப்புக் குறையாத காய்ந்த சருகு ஒன்று அருவியிலிருந்து விழுந்து மிதந்து போனது. பின்னால் நாலைந்து. பின்னால் கைப்பிடியாக. காய்ந்த சருகு கரையில் கிடப்பது. அதைத் தண்ணீர் தூக்கி வருகிறது என்றால், மேலே தண்ணீர் கரை ஏறிவிட்டது.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் ஆட்கள் பதறி வழுக்குவார்கள். சுஹைபின் தோளைத் தொட்டு, “தம்பி, தங்கச்சி கையப் பிடி. திரும்பிப் பாக்காம மண்டபத்துக்குப் போயிரு. நிக்கக் கூடாது” என்றாள். அவன் அருவிப் பக்கம் பார்த்து, அவர் வரவில்லையே என்றான். நான் கூட்டி வருகிறேன், நீ போ என்றாள். மெஹர் பானு அதற்குள் புருஷனை இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள்.

சுந்தரபாண்டியனுக்குக் கேட்கவில்லை. கைகாட்டிக் கூப்பிட்டாள். அவர் வெளியே தலையை நீட்டி, இன்னும் எண்ணெயே போகவில்லை, ஐந்து நிமிஷம் என்றார். வெள்ளம் வருது சார் என்றாள். அவர் மேலே வானத்தைக் காட்டிச் சிரித்தார். பேசி முடிகிற காரியமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பாறை மேலிருந்த அவர் சட்டை, பேண்ட், செல்போனை அள்ளிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

“ஏய், எங்க கொண்டு போற? நில்லு! ஏம்மா!”

அவர் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார். வரட்டும், திட்டிக்கொண்டாவது வரட்டும் என்று அவள் திரும்பவேயில்லை. பாதி தூரம் போவதற்குள் தண்ணீர் டீ நிறமாகிவிட்டது. முழங்காலில் இருந்தது தொடைக்கு வந்தது. பின்னால் திட்டு நின்றுபோயிற்று. அவரும் பார்த்துவிட்டார்.

வாசலுக்கு இன்னும் இருநூறு அடி. அருவிப் பக்கமிருந்து லாரி கல் கொட்டுவது போல ஒரு சத்தம் கிளம்பியது. அதைக் கேட்டதும் வாசலை எட்ட முடியாது என்று அவள் முடிவு கட்டினாள். இடதுபக்கப் பாறையில் சுமைக்காரர்கள் வெட்டிய கால்குழிகள் உண்டு. ஆறு குழி ஏறினால் ஓர் ஆள் படுக்கிற அகலத்தில் ஒரு தட்டு. முன்னே ஏறினால்தான் பின்னால் வருகிறவனைத் தூக்க முடியும். துணியையும் போனையும் வீசிவிட்டு ஏறினாள். மேலே போய்க் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் கீழே நீட்டினாள்.

சுந்தரபாண்டியன் மூன்று குழி ஏறி, கையைக் கொடுத்தார். கனமான உடம்பு. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். ஒரு முழம் மேலே வந்தார். அடுத்த இழுப்பில் அவர் கை அவள் கைக்குள்ளிருந்து கெண்டை மீன் மாதிரி நழுவிப் போனது. இரண்டு குழி கீழே சறுக்கி, மார்பளவு தண்ணீரில் பாறையை அணைத்துக்கொண்டு தொங்கினார்.

மறுபடி முழங்கைக்கு மேலே பிடித்தாள். நகம் பதிய இறுக்கினாள். தோலோடு எண்ணெய் வழிந்து வந்தது. மறுபடி நழுவினார். அருவியில் நின்றும் அது போகவில்லை. வெறும் தண்ணீருக்கு எண்ணெய் போகுமா? காலையில் கையைக் காட்டச் சொல்லாத வாயை அவள் மனதுக்குள் நூறு தடவை செருப்பால் அடித்தாள்.

“தங்கத்தாயி, விட்டுராத” என்றார். அவள் பெயரை அவர் அன்று முதல் தடவையாகச் சொன்னார்.

விடாமல் பிடித்து ஆகப் போவதில்லை என்பதுதான் விஷயம். இப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு நிமிஷம். பிறகு அவர் போவார். தலை எண்ணிக்கையில் ஒன்று குறையும். மழைநாளில் நனைந்த மூட்டையைத் தூக்கும்போது சுமைக்காரர்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு: புழுதியை அள்ளிக் கையிலும் சாக்கிலும் தேய்த்துக்கொள்வார்கள். தட்டின் உள்மூலையில் வவ்வால் புழுக்கை வருஷக்கணக்கில் காய்ந்து மாவாகக் கிடந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் அவரை விட்டுவிட்டு உள்ளே ஊர்ந்து போக வேண்டும்.

“சார், கைய விடப்போறேன். குழியப் புடிச்சுக்கிடுங்க.”

வேண்டாம் என்று அவர் தலையை ஆட்டினார். அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்தால் மட்டும் நிற்குமா? விரல் விரலாக வழுக்கிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னாலும் அந்த முகத்துக்குப் புரிகிற நிலையில்லை. கண் வெளியே வந்துவிடும் போல நின்றது.

“ஏலே, குழியப் பிடில! பிடிச்சா பொழைப்ப, இல்லன்னா ரெண்டு பேரும் போவோம். பிடில!”

இருபது வருடத்தில் எத்தனையோ கங்காணிகளிடம் அவள் கேட்ட குரல் அது. தன் வாயிலிருந்து வரும் என்று நினைத்ததில்லை. சுந்தரபாண்டியன் குழியைப் பிடித்தார். அவள் கையை உருவிக்கொண்டு உள்ளே ஊர்ந்தாள். இரண்டு கைநிறைய அள்ளிக்கொண்டு திரும்பி, எட்டிப் பார்க்கிற வரைக்கும் அவர் இருக்கிறாரா இல்லையா என்பது தெரியவில்லை.

இருந்தார். தண்ணீர் கழுத்தில் இருந்தது.

அந்தத் தூளை அவர் தலை, தோள், கை எல்லாவற்றிலும் கொட்டினாள். மிச்சத்தைத் தன் உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டாள். ஒரு கையால் முழங்கையைப் பிடித்தாள், சொரசொரவென்று நின்றது. இன்னொரு கையால் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தாள். மூட்டையைத் தோளுக்கு ஏற்றும்போது இடுப்பில் கொடுக்கிற தம்மைக் கொடுத்து இழுத்தாள். அவர் அலறினார். தோள் மூட்டில் மடக்கென்று ஒரு சத்தம். வயிறு தட்டின் விளிம்பில் உரசி, ஏறி, அவள் மேலேயே விழுந்தார்.

கொஞ்ச நேரத்தில் மரம் ஒன்று வேரோடு பெயர்ந்து இடுக்குக்குள் வந்து, அவர் தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் முட்டிப் புரண்டு போனது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

தண்ணீர் தட்டுக்கு ஒரு முழம் கீழே வந்து நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒடுங்கிக் கிடந்தார். பற்கள் அடித்துக்கொண்டன. தங்கத்தாய்க்கு மனசெல்லாம் சுஹைபும் மெஹர் பானுவும்தான். வாசலை எட்டியிருப்பார்களா? புருஷன் போட்டோ எடுக்க நின்றிருப்பானோ? நான்கு தலையில் இங்கே ஒன்று, மண்டபத்தில் ஒன்று. மீதி இரண்டைப் பற்றி ஒன்றும் தெரியாமல் மூன்று மணி நேரம் அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

நாலரை மணிக்கு மேல் தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்தது. அவரை முன்னால் இறக்கி, பின்னாலிருந்து டிரவுசரைப் பிடித்துக்கொண்டு பாறையோரமாக நடத்திக் கூட்டி வந்தாள். மண்டபத்தில் தூண்களுக்கிடையே ஆட்கள் நின்றார்கள். விஜயசங்கர் கயிறோடும் நாலு ஆட்களோடும் வந்திருந்தான். சங்கரேஸ்வரி எழுந்து ஓடி வந்தாள். முழங்கால் வலி எங்கே போனதோ. தங்கத்தாய் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் தேடினாள். மெஹர் பானு. அவள் தோளுக்கு மேலே சுஹைப். நாலு.

சங்கரேஸ்வரி புருஷன் தலையைத் தொட்டு, இது என்ன கருமம், நாறுகிறதே என்று அழுதுகொண்டே முந்தானையால் துடைத்தாள். என்ன நடந்தது என்று விஜயசங்கர் கேட்டான். சுந்தரபாண்டியன் தொண்டையைச் செருமினார். எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

“வெள்ளம் வந்துச்சு. நான் பாறையில ஏறிட்டேன். இந்தப் பிள்ளையும் கூட இருந்தா” என்றார்.

சுஹைப் அவர் கையைப் பார்த்தான். முழங்கைக்கு மேலே பத்து நகமும் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. பிறகு தங்கத்தாயைப் பார்த்தான். அக்கா என்று ஏதோ கேட்க வாயெடுத்தான். அவள் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

விஜயசங்கர் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினான். தங்கத்தாய் டம்ளரைப் பிடித்தாள். கை வாய்வரைக்கும் எழும்பவில்லை. டீ பாதி கால்மாட்டில் சிந்தியது. மெஹர் பானு வந்து டம்ளரை வாங்கி அவள் உதட்டில் வைத்தாள். குடித்தாள். சூடு தொண்டையில் இறங்கியது.

“அவரு ஏறுனாரா, ஏத்துனியளா?” என்று மெஹர் பானு மெல்லக் கேட்டாள்.

“வந்து சேந்தாருல்லா தாயி” என்றாள் தங்கத்தாய். “வெளிச்சம் இருக்கையில எறங்கிருவோம். நீ முன்னால நட.”