விமலா தொடாத சோறு

அன்று மத்தியானமும் விமலேஸ்வரி புதுநெல்லுச் சோற்றைத் தொடவில்லை. சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, குரக்கன் பிட்டுப் போதும் என்றாள். சொந்த வயலில் விளைந்து, தைப்பூசத்தன்று முதற்கதிர் அறுத்துப் புதிர் எடுத்துச் சாமிக்குப் படைத்த நெல். ஒன்பது வயதில் இப்படியும் ஒரு பிடிவாதமா என்று தாய் இராசமலருக்கு எரிச்சலாக இருந்தது.

இராசமலருக்கு மார்பில் புற்றுநோய். கொழும்பு டாக்குத்தர்மார் கைவிரித்துவிட்டார்கள். கிளிநொச்சிக் குடியேற்றத்தில் இதை அறியாத வீடில்லை. மகளுக்கு மட்டும் வாயுக்குத்து என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஊரறிந்ததைப் பெற்ற பிள்ளையிடம் மறைப்பதில் நாம் கெட்டிக்காரர் அல்லவா?

மருந்து கொண்டுவந்த அப்போதிக்கரி தள்ளிக் கிடந்த கோப்பையைப் பார்த்தார்.

"தங்கச்சி, பிள்ளைக்குச் சொல்லியாச்சோ?"

"எப்பிடி ஐயா சொல்லுறது? நாக்கு எழும்புதில்லை."

"முதல்லை ஒண்டும் சொல்லாதேங்கோ. அவள் என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறாள் எண்டு கேளுங்கோ. பிறகு அவள் கேக்கிறதுக்கு உண்மையைச் சொல்லுங்கோ."

அவர் சைக்கிளில் ஏறிப் போனதும் இராசமலர் மகளைப் பாயில் இருத்தினாள்.

"அம்மாவுக்கு ஏன் இந்த வாயுக்குத்து வருத்தம் வந்ததெண்டு நினைக்கிறாய்?"

"என்னாலைதான். புதிர் எடுக்க முந்தி நான் பச்சை நெல்லை உரிச்சுச் சப்பிப்போட்டன். கோயில் அம்மாளாச்சிக்குக் கோவம். உங்களுக்குச் சுகம் வருமட்டும் புதுச்சோறு தின்னன் எண்டு நேந்திருக்கிறன்."

பக்கத்தில் படுத்து எழும்பும் பிள்ளை இவ்வளவு பெரிய பாரத்தைத் தனியே சுமந்திருக்கிறாள்.

"இல்லைக் குஞ்சு. இது புற்றுநோய். ஆராலும் வந்ததில்லை. நீ நெல்லுச் சப்ப முந்தியே கட்டி இருந்தது."

"மாறுமோ?"

"மாறாது."

"செத்துப்போவியளோ?"

"ஓம் ராசாத்தி."

விமலா தாயின் மடியில் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்ததும் கேட்டாள்.

"அப்ப எனக்கு ஆர் தலை இழுத்துப் பின்னிவிடுறது?"

"அப்பாவுக்குப் பழக்கிவிடுறன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் பாவாடையால் தாயின் கண்ணைத் துடைத்து, "நோகுதோ அம்மா?" என்றாள். இந்தத் திடம் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று இராசமலர் மலைத்துப் பார்த்தாள். பிள்ளை எட்டிக் கோப்பையை இழுத்தாள்.

"வாயிலை தீத்திவிடுங்கோ."

வயலிலிருந்து வந்த சிற்றம்பலம், மனைவி மகளுக்குப் புதுச்சோறு தீத்துவதைக் கண்டு வாசலிலேயே நின்றான். சொல்லவே கூடாது என்று தடுத்தவன் அவன்தான்.

"சொல்லிப்போட்டன்," என்றாள் இராசமலர். "பிள்ளை உண்மையைத் தாங்கிறாளப்பா. நாங்கள் வாயைப் பொத்தினதுதான் அவளைப் பட்டினி போட்டது."